நம் தொழிலும் நம் தோலும்



நம் தொழிலின் பெயரிலேயே ஒரு வியாதி இருக்கிறது என்றால் சிலர் நம்பமாட்டார்கள். பழைய ஆங்கில மருத்துவ நூல்களில் 'குரோசர்ஸ் இட்ச்' என்று ஒன்று உண்டு. 'மளிகைக் கடைக்காரர் அரிப்பு' என்று பொருள். சர்க்கரையும் உலர்பழமும் மாவும் நாள் முழுவதும் அள்ளிப் போடுகிறவர்களின் கைகளில் உண்டாகும் அரிப்புக்கு அந்நாட்டு மருத்துவர்கள் வைத்த பெயர் அது. நம் பக்கத்துச் சரக்கும் இதில் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் பணியாற்றிய அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர், கொப்பரை ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த அரிப்பை ஆராய்ந்தார். கொப்பரையில் வளரும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிதான் அதற்குக் காரணம் என்று எழுதினார்.

ஆகவே மூட்டையோடும் சாக்கோடும் புழங்குகிற நமக்குத் தோல் தொல்லை புதிதல்ல. புதிதாக வந்திருப்பது அதற்கு நாம் செய்துகொள்ளும் வைத்தியம்தான். அந்த வைத்தியத்தால் கெட்டுப் பிறகு தெளிந்தவன் நான். பட்டதைச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். வியர்வையில் ஊறிய இடுப்பில், வேட்டி இறுக்கும் இடத்தில், வட்டமாக ஒரு படர்தாமரை வந்தது. யாரிடமும் சொல்ல வெட்கம். கடைப் பையனை அனுப்பி ஒரு குழாய் மருந்து வாங்கி வரச் சொன்னேன். விலையும் அதிகமில்லை. பூசிய மூன்றாம் நாள் அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. 'ஆகா, நல்ல மருந்து' என்று நிறுத்திவிட்டேன். பதினைந்து நாளில் மறுபடியும் வந்தது. இம்முறை தொடையிடுக்கு வரை. மறுபடியும் அதே குழாய். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. இதற்குள் என் மனைவிக்கும் இளைய மகனுக்கும் பரவிவிட்டது. எனக்குக் கையிலும் புறங்கையிலும் வட்டங்கள் வந்துவிட்டன. தொடையில் தோல் மெலிந்து வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

ஒருநாள், இருபது ஆண்டுகளாக நம் கடையில் மாதப் பட்டியல் போடும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நான் துவரம்பருப்பு நிறுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தக் கையாலேயா பருப்பு அள்ளுறீங்க?" நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த மாதம் அவர் பட்டியல் வரவில்லை.

அன்றுதான் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் குழாயை வாங்கிப் பார்த்தார். "ஐயா, நீங்க இவ்வளவு நாளா படைக்குத் தீனி போட்டிருக்கீங்க" என்றார்.

கந்துவட்டிக் களிம்பு

அவர் விளக்கியதை நமக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன். படர்தாமரை என்பது தோலின் மேல் வளரும் பூஞ்சை. அந்தக் குழாயில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டு என்ற மருந்தும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு, வீக்கத்தையும் அரிப்பையும் உடனே அடக்கும். கூடவே, பூஞ்சையை எதிர்க்க வேண்டிய தோலின் காவலையும் அடக்கிவிடும். அரிப்பு இல்லையே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது பூஞ்சை ஆழமாகவும் அகலமாகவும் பரவுகிறது.

இது கந்துவட்டிக் கடன் மாதிரி. கேட்டவுடன் கைமேல் பணம் கிடைக்கும். அன்றைய கஷ்டம் தீர்ந்துவிடும். பிறகு வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அசல் குறையவே குறையாது. கடைசியில் தோல் என்ற முதலையே அது தின்றுவிடும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் தோல் நோய்களுக்கு அதை மேல்பூச்சாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். கரப்பான் போன்ற நோய்களுக்கு இன்றைக்கும் அது கைகண்ட மருந்து. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். படர்தாமரைக்கு அது ஆகாது.

இந்தத் தவற்றை நாடே செய்ததன் விளைவையும் பார்க்கிறோம். முன்பெல்லாம் சில வாரங்களில் தீர்ந்த படை இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது. டெர்பினாஃபின் என்ற முக்கியமான மருந்துக்கே பல வேளைகளில் கட்டுப்படாத ஒரு பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் 2020-இல் அதற்கு 'டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயர் இப்படியா விளங்க வேண்டும்?

எனக்கும் குடும்பத்துக்கும் முழுதாகக் குணமாக மூன்று மாதம் ஆயிற்று. மருந்தைப் படையின் மேல் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலம் பூச வேண்டும். மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் பூச வேண்டும். வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு தனித்தனியாக இருக்க வேண்டும். உள்ளாடை பருத்தியில், தளர்வாக இருக்கட்டும். தினமும் துவைத்து வெயிலில் காயவையுங்கள். மதியம் ஒருமுறை உடம்பைத் துடைத்து, ஈரமில்லாத துணி மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று அரிப்புகள், மூன்று வைத்தியங்கள்

எல்லா அரிப்பும் படர்தாமரை அல்ல. சரக்கைத் தரம் பிரிக்கத் தெரிந்த நமக்கு இதைப் பிரிப்பது கடினமல்ல.

படர்தாமரை: வட்டமாக இருக்கும். ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும். இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள் என வியர்வை தங்கும் இடங்களில் வரும்.

மூட்டை அரிப்பு: வண்டும் புழுவும் விழுந்த பழைய தானிய மூட்டைகளில், அந்தப் புழுக்களைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி ஒன்று உண்டு. மூட்டை தூக்குகிறவரின் தோள், கழுத்து, முதுகு, மார்பில் கடித்துவிடும். சில மணி நேரம் கழித்துத்தான் சிவந்த கொப்புளங்கள் வரும் என்பதால் மூட்டையின் மேல் சந்தேகமே வராது. விடுமுறை நாளில் குறைந்து, கிடங்கு திறந்ததும் கூடினால் இதுவாக இருக்கலாம். இந்தப் பூச்சி மனித உடம்பில் தங்காது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடையை மாற்றி, அரிக்கும் இடத்தில் காலமின் லோஷன் தடவினால் சில நாளில் அடங்கும். உண்மையான வைத்தியம் கிடங்கில்தான் இருக்கிறது. மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்குவது, பழைய சரக்கை முதலில் தள்ளுவது, வண்டு விழுந்த மூட்டையை உடனே பிரிப்பது ஆகியவை சரக்குக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

சொறி சிரங்கு: இரவில் படுத்த பிறகு அரிப்பு தாங்காது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு சிறு பொரிகள் இருக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். கடைப் பையன்கள் ஒரே அறையில் படுத்து உறங்கும் இடங்களில் விரைவாகப் பரவும். தோலுக்குள் வளைதோண்டி வாழும் பூச்சி இதற்குக் காரணம். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் பிறருக்குக் கொடுத்துவிடுவார். மருத்துவர் எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும், இடுக்குகள் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒன்றாக உறங்கும் எல்லோரும் அதே இரவில் பூச வேண்டும். துணிமணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

கையும் காலும்

மிளகாய் வத்தல் மூட்டை பிரித்த நாளில் கை எரிவது நமக்குப் பழகியதுதான். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே முதலில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் கழுவுங்கள். கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள்.

பூண்டு உரிக்கிறவர்களுக்கு, பூண்டைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வறண்டு வெடித்தால் அது பூண்டின் ஒவ்வாமையாக இருக்கலாம். வேலையைச் சில வாரம் மாற்றிப் பாருங்கள். சலவைத்தூளைச் சில்லறையாக அள்ளிக் கட்டுகிறவர்கள் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்து முறை கை கழுவுகிறவர் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பாதி வெடிப்பு வராது.

காய்கறி மண்டியிலும் மீன் கடையிலும் ஈரத்தில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். அதுவும் பூஞ்சைதான். காலைக் கழுவுவதைவிட விரல் இடுக்கை உலர்த்துவது முக்கியம். படையோ சேற்றுப்புண்ணோ கட்டியோ திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். நீரிழிவு இருப்பதைத் தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், பல பேருக்கு.

அரிக்காத தேமல்

அரிக்கிற வியாதியை யாரும் மறப்பதில்லை. அரிக்காததைத்தான் கவனிக்க வேண்டும். வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல். அங்கே அரிப்பில்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை என்றால், உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் முழுதும் குணமாகும். காலம் தாழ்த்தினால்தான் கை விரலும் கால் விரலும் பாதிக்கும். நம் கடையில் வேலை செய்யும் ஒருவருக்கு இப்படி இருந்தால் அவரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். அழைத்துப் போய்க் காட்டுங்கள். மருந்து தொடங்கிவிட்டால் அவரால் பிறருக்குப் பரவாது.

வாங்குவதிலும் விற்பதிலும்

இனி நம் வியாபாரத்துக்கு வருவோம். மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். களிம்பு வாங்கினால் பெட்டியைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருகிறவர்கள் அந்தக் குழாயை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

சில ஊர்களில் பொதுக் கடைகளிலேயே இக்குழாய்கள் தொங்குவதைப் பார்க்கிறேன். மருந்து விற்கும் உரிமம் இல்லாமல் விற்பது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டப்படி குற்றம். ஒரு குழாயில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். அதற்காக வாடிக்கையாளரின் தோலை அடமானம் வைக்கலாமா?

முகம் வெளுக்கும் களிம்புகளிலும் எச்சரிக்கை தேவை. தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத சரக்கை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டபோது, அவர்கள் பூசிவந்த வெளுப்புக் களிம்புகளின் மேல்தான் மருத்துவர்களின் சந்தேகம் விழுந்தது. அப்படிப்பட்ட களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம், இரத்த தான முகாம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை வெயிலுக்கு முன், உறுப்பினர்களுக்கும் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கும் தோல் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தலாம். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் நாலு பேரோடு சேர்ந்தால் வருவார்கள்.

அந்த ஆசிரியை? எனக்குக் குணமான பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் காட்டினேன். "முன்னாலேயே சொல்லியிருக்கணும் அண்ணாச்சி, எனக்கும் வெட்கமா இருந்தது" என்றார். அந்த மாதமே பட்டியல் வந்தது. இப்போதும் பருப்பைக் கரண்டியால்தான் அள்ளுகிறேன்.