ரைபிளும் தோட்டாவும் – 7: தூரம் போகும் குண்டு

இந்தியாவில் பொதுமக்கள் லைசென்ஸில் வைத்திருக்கும் ரைபிள்களில் மிகப் பரவலானது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315. இதன் தோட்டா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய–ஹங்கேரி ராணுவம் பயன்படுத்திய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழிவந்தது. ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேய அரசு நினைத்ததால் .315 இங்கே வேரூன்றியது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அந்தத் தடையைத் தொடர்ந்தது. ஆக, காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் ரைபிள் லைசென்ஸுக்கு மனுப்போடும் உத்திரமேரூர்க்காரருக்குத் தோட்டாவில் பாதித் தேர்வைச் சட்டமே முடித்து வைத்திருக்கிறது.

.315 குண்டின் எடை சுமார் 16 கிராம். வேகம் நொடிக்கு 600 மீட்டரைச் சற்றே தாண்டும். கனமான குண்டுதான், ஆனால் மூக்கு மழுங்கல். காற்று அதன் வேகத்தைச் சீக்கிரமே தின்றுவிடுகிறது. 100 மீட்டரில் நம்பலாம். 300 மீட்டரைத் தாண்டினால் குறி தவறும். குறி தவறினாலும் குண்டு நிற்காது என்பதுதான் பெரிய கவலை. உத்திரமேரூர் போன்ற சமதரையில் அது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்வரை போகக்கூடும். பின்னால் உயர்ந்த மண்மேடு இல்லாத இடத்தில் எந்த ரைபிளையும் சுடவே கூடாது.

தூரத்துக்கான தோட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது குண்டின் வடிவம். நீண்டு மெலிந்து, மூக்கு கூராக இருக்கும் குண்டு வேகத்தை மெதுவாகவே இழக்கும். ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் குண்டு தள்ளாடத் தொடங்கும். எனவே அந்த இடம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது. 7.62 நேட்டோ தோட்டாவில் அது 800–900 மீட்டரில் வந்துவிடுகிறது. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர், அதைவிட இலேசான குண்டோடு 1,100 மீட்டரைத் தாண்டுகிறது. பக்கக்காற்றிலும் குறைவாகவே விலகுகிறது. அதற்கும் மேலே .338 லாபுவா மேக்னம்: இந்திய ராணுவத்தின் ஸ்னைப்பர்கள் கையில் இப்போது இருப்பது. விலை அதிகம், தோளில் உதையும் அதிகம். 300 மீட்டர் போட்டிக்கு அது வீண். அங்கே பத்துப் புள்ளி வளையம் 10 செ.மீ. அகலம், உதை குறைந்த 6 மி.மீ. தோட்டாவைத்தான் உலகப் போட்டியாளர்கள் பலர் விரும்புகிறார்கள். மறுகோடியில், பதுங்குகுழிகளையும் வண்டிகளையும் துளைக்கத் திருச்சி படைக்கலத் தொழிற்சாலை செய்யும் வித்வன்சக் ரைபிள் 12.7, 14.5 மி.மீ. தோட்டாக்களைச் சுடுகிறது.

வட தமிழகத்தின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. குண்டு சற்று மேலே படும். தோட்டாவிலுள்ள வெடிமருந்தும் சூடேறி அழுத்தம் கூடும். சில மருந்துகளில் 20 டிகிரி வேறுபாட்டுக்கு நொடிக்கு 10 மீட்டர் வேகம் மாறும். 900 மீட்டரில் அது ஏறக்குறைய ஓர் அடி உயர வித்தியாசம். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்து நிரப்பிய தோட்டாவைத் தேர்ந்து, மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை தனித்தனியே சுட்டுக் குறியைச் சரிபார்ப்பதே முறை.