மாமாவுக்கு ஊர் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

எட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் வேலை செய்யும் என் மாமா, மெர்லையனை நேரில் பார்த்ததில்லை. இம்மாத இறுதியில் வேலை அனுமதி முடிந்து நாகப்பட்டினத்திற்கே திரும்புகிறார்.

"மக ஃபோன்ல கேக்குறா, அங்க என்னப்பா பார்த்தேன்னு. என்னத்தச் சொல்ல, லாரியும் விடுதியும்தான்" என்று அவர் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நான், இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவரை எங்கும் அழைத்துச் சென்றதில்லை.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். இருவருக்கும் சேர்த்து 20 வெள்ளிக்குமேல் செலவாகக் கூடாது. ஒவ்வொரு வெள்ளியையும் ரூபாயாக்கிப் பார்ப்பவர் அவர்.

இணையத்தில் "இலவச இடங்கள்" என்று தேடினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்திய மரபுடைமை நிலையமும் தேசிய அரும்பொருளகமும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். எனக்கு இலவசமாக இருப்பது மாமாவுக்கு இல்லை! எல்லாருக்கும் இலவசமான இடங்களை மட்டும் வைத்து மீண்டும் திட்டம் போட்டேன்.

காலையில் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தோசையும் தேநீரும் 7 வெள்ளி. பக்கத்திலேயே கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு. அதன் பல வண்ணக் கதவுகள்முன் மாமாவைப் படம் எடுத்தேன். "இந்தத் தெரு வழியா எத்தனையோ தடவ போயிருக்கேன், நிமிர்ந்து பார்த்ததில்ல" என்றார்.

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டௌன்டவுன் பாதையில், ரயில் மாறாமல், தெலுக் ஆயர். அங்குள்ள நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது. நாங்கள் போனபோது கதவு சாத்தியிருந்தது. மாமா வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார். அவர் வீட்டிலிருந்து நாகூர் கூப்பிடு தூரம்தான். அந்தக் காலத்தில் கடல் இந்தத் தெருவரை இருந்தது, பிறகுதான் நிலம் மீட்கப்பட்டது என்றேன். "அப்ப கப்பல்ல இருந்து இறங்குனதும் நேரா இங்க வந்துருப்பாங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

1827ல் தொடங்கிய மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு, போட் கீ வழியாக மெர்லையன். படகுச் சவாரிக் கட்டணப் பலகையை மாமா படித்த வேகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. ஒரு சுற்றுப்பயணியைப்போல மெர்லையனின் நீரைக் கையில் ஏந்துவதாகப் பாவனை செய்து படம் எடுத்துக்கொண்டார். அவர் அப்படி விளையாடி நான் பார்த்ததே இல்லை.

மரினா பே நிலையத்திலிருந்து 400ஆம் எண் பேருந்து மரினா அணைக்கட்டுக்குச் செல்கிறது. 2008ல் திறக்கப்பட்ட அணை அது. அதன் புல்வெளிக் கூரையில் காற்றாடி விடும் பிள்ளைகளுக்கு நடுவே, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடல், அதில் நங்கூரமிட்ட கப்பல்கள். நகரத்தின் பக்கம் திரும்பிய மாமா, ஓர் உயரமான கட்டடத்தைக் காட்டினார்.

"அதுல முப்பது மாடி வரைக்கும் நான் கம்பி கட்டியிருக்கேன் மாப்ளே."

"அங்கிருந்து இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே மாமா?"

"வேலை நேரத்துல வேடிக்கை பார்க்க முடியுமா?"

மகளுக்குக் காணொளி அழைப்பு போட்டு, கப்பல், கடல், கடைசியாக அந்தக் கட்டடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டடத்தைக் காட்டியபோது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அணையிலிருந்து நடந்தால் கரையோரப் பூந்தோட்டங்கள். குளிரூட்டப்பட்ட கூடங்களுக்குக் கட்டணம் உண்டு, வெளித்தோட்டம் இலவசம். இரவு 7.45க்கு மாபெரும் மரங்களின் ஒளி, இசைக் காட்சியைத் தரையில் படுத்தபடி பார்த்தோம்.

மூன்று பயணங்களுக்கு இருவருக்கும் சேர்த்து 10 வெள்ளிகூட ஆகவில்லை. லிட்டில் இந்தியாவில் விடுதிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது மாமா கணக்குப் பார்த்தார். மூன்று வெள்ளிக்குமேல் மிச்சம்.

"அடுத்த ஞாயிறும் லீவுதான். பூமலைக்குப் போவோமா மாப்ளே? அதுவும் சும்மாதானே?"