டெங்குவா, சிக்குன்குனியாவா? நோயைப் பிரித்தறிய உதவும் ஆய்வக எதிர்ப்பொருள்கள்

ஆந்திராவில் 2005-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் தலைதூக்கிய சிக்குன்குனியா, 2006-இல் நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்ததாகக் கருதப்பட்டது.

இதனையும் டெங்குவையும் ஏடிஸ் கொசுக்களே பரப்புகின்றன. தொடக்க அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், டெங்கு பாதித்தவருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகள் ரத்தக்கசிவு அபாயத்தை அதிகரிக்கும். எனவே, எந்த வைரஸ் என்பதை உறுதிசெய்வது அவசியம்.

சித்தூர் மாவட்டத்தை ஒட்டியுள்ள திருப்பதியில், ஸ்விம்ஸ் மருத்துவமனையில் வைரஸ் ஆராய்ச்சி மற்றும் நோயறிதல் ஆய்வகம் இயங்குகிறது. இத்தகைய ஆய்வகங்களுக்கான எலைசா பரிசோதனைத் தொகுப்புகளை புணே தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கிறது.

இப்பரிசோதனையில், நோயாளியின் ஐஜிஎம் எதிர்ப்பொருள் வைரஸ் புரதத்தைப் பற்றிக்கொண்டால், ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மற்றோர் எதிர்ப்பொருள் அப்புரதத்துடன் இணைந்து நிறமாற்றமாகக் காட்டிக்கொடுக்கும்.

காய்ச்சல் தொடங்கி சுமார் 5 நாள்களுக்குப் பிறகே ஐஜிஎம் தெளிவாகத் தென்படும். அதற்கு முன்பு 'இல்லை' என வரும் முடிவு நோயின்மையை உறுதிசெய்யாது.