ஹைப்பர்த்ரெடிங்கும் பிராசசர் சுமைக் கணக்கும்

ஒரே கோரை இரண்டு கோர்போல இயங்குதளத்துக்குக் காட்டுவது ஹைப்பர்த்ரெடிங். இன்டெல் 2002இல் இதைச் சியான் சர்வர் பிராசசர்களிலும், அவ்வாண்டு இறுதியில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இலும் கொண்டுவந்தது.

கோருக்குள் இரட்டிப்பாவது கொஞ்சம்தான். இரண்டாகக் காட்டப்படும் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்; ஒவ்வொரு த்ரெட்டின் நிலையையும் வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் தனித்தனி. கணக்குப் போடும் அலகுகளும் கேஷும் இரண்டுக்கும் பொது. கேட்ட தரவு ரேமிலிருந்து வந்துசேர நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகலாம். அதுவரை சும்மா கிடக்கும் அலகுகளை மற்ற த்ரெட் எடுத்துக்கொள்ளும். இதனால் சில்லின் அளவு 5 சதவீதம்கூடக் கூடவில்லை என்றும், சர்வர் வேலைகளில் வேகம் 30 சதவீதம் வரை உயர்ந்தது என்றும் இன்டெல் அப்போது சொன்னது. கணக்கு அலகுகளுக்கு ஓய்வே தராத அணிப்பெருக்கல் போன்ற வேலைகளில் பலன் மிகக் குறைவு. இரு த்ரெட்டும் கேஷுக்குப் போட்டியிட்டால் வேகம் இறங்கவும் செய்யும்.

சுமைக் கணக்கு தடுமாறுவதற்குக் காரணம், இயங்குதளம் எண்ணுவது த்ரெட்டுகளை என்பதே. 4 கோர், 8 த்ரெட் கொண்ட லினக்ஸ் கணினியில் ஒற்றைத் த்ரெட் நிரல் ஒன்று முழுமூச்சாக ஓடினால், டாப் கட்டளை அந்த நிரலுக்கு நேராக 100 என்று காட்டும். மேலே மொத்தச் சுமை 12.5 சதவீதம்தான். அப்படி நான்கு நிரல்கள் ஓடினால் ஷெட்யூலர் கோருக்கு ஒன்றாகப் பிரித்துவிடும். எந்தக் கோரும் காலியில்லை, ஆனாலும் சுமை 50 சதவீதம். மீதி 50ஐ நம்பி இன்னும் நான்கை ஏற்றினால் எண் 100ஐத் தொடும், வேலை இரட்டிப்பாகாது. த்ரெடிங்கின் ஆதாயம் 25 சதவீதம் என்று கொண்டால், நான்கு பங்கு வேலை நடந்த நேரத்தில் ஐந்து பங்கு நடக்கும். அதை எட்டு நிரல்கள் பகிர்வதால் ஒவ்வொன்றின் வேகமும் 62.5 சதவீதமாகிவிடும். 10 நிமிடத்தில் முடிந்த வேலைக்கு 16 நிமிடம் ஆகும்; அதன் பேரில் பதிவாகும் சிபியு நேரமும் 16 நிமிடமே. வேலை ஏதும் கூடாமலே கணக்கு மட்டும் ஏறிவிடுகிறது. சிபியு நேரத்தை வைத்துக் கட்டணம் போடும் இடங்களில் இது சின்ன விஷயமல்ல.

ஓடும், ஓடக் காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையைக் காட்டும் லோடு ஆவரேஜிலும் இதே கவனம் வேண்டும். இந்தக் கணினியில் பிராசசர் வேலைகளால் அது 4ஐத் தாண்டும்போதே கோர்களைப் பங்கிடுவது தொடங்கிவிடும்.

எல்எஸ்சிபியு கட்டளை கோருக்கு எத்தனை த்ரெட் என்று சொல்லிவிடும். விடை இரண்டு என்றால், சர்வரில் பாதி இடம் மிச்சம் என்று முடிவுகட்டும் முன் உண்மையான வேலையைக் கூட்டிப் பார்த்து, பதில் வரும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள்.