தீ பாலிசி மட்டும் போதுமா?

நம்மில் பலர் ஆண்டுதோறும் கடைக்கும் கோடவுனுக்கும் தீ விபத்து பாலிசி எடுத்து, பிரீமிய ரசீதைக் கல்லாப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு நாள் எங்கள் மண்டி வாசலில் கடலை எண்ணெய் டின் ஒழுகியது. கடைப்பையன் துடைக்காமல் அதன்மேல் சாக்கைப் போட்டுவிட்டான். சரக்கெடுக்க வந்த வெளியூர் வியாபாரி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாலிசியோடு ஏஜெண்டிடம் ஓடினோம். "இது உங்கள் சரக்குக்கான பாலிசி. விழுந்தவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது" என்றார். கைப்பணம் கொடுத்து சமாதானமானோம். ஆனால், இருபது வருஷ வாடிக்கையாளர் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

கவனக்குறைவுக்கான நஷ்டஈட்டுச் சட்டம் நம் நாட்டில் பெரும்பாலும் கோர்ட் தீர்ப்புகளால் வளர்ந்தது. கடைக்கு வருகிறவருக்கு ஆபத்து நேராதபடி நியாயமான கவனம் எடுப்பது நம் கடமை. "பையன் செய்த தவறு" என்று தப்ப முடியாது. வேலையின்போது வேலையாள் செய்யும் தவறுக்கு முதலாளியே பதில் சொல்ல வேண்டும்.

1997-ல் டில்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் மாண்டனர். கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தது வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. 2011-ல் சுப்ரீம் கோர்ட், இறந்தவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலா 10 லட்சமும், மற்றவர்களுக்குத் தலா ஏழரை லட்சமும் நஷ்டஈடு நிர்ணயித்தது. நடைவழியில் மூட்டை அடுக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்கும் சரக்கிலும் பொறுப்பு உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட சரக்கால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பாளி ஆகலாம். பில் இல்லாமல் வாங்கும் சரக்கில் மிச்சமாகும் காசு இங்கே வட்டியோடு போய்விடும். சரக்கை நாமே மாற்றியமைத்து, அந்த மாற்றத்தால் தீங்கு நேர்ந்தாலும் பொறுப்பு நம்மைச் சேரும். இந்தப் புகார்களை இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கலாம். எனவே கொள்முதல் பில்லை அதுவரையாவது பத்திரப்படுத்துங்கள்.

போபால் விபத்துக்குப் பின் 1991-ல் வந்த பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாள்வோருக்கானது. சாதாரண பலசரக்குக் கடையை அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே நாமே கேட்டு வாங்கினால்தான் பாதுகாப்பு உண்டு. பாலிசி எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. கடைக்காரர் பாலிசியில் பொதுப் பொறுப்புப் பிரிவு சேர்ந்துள்ளதா? ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு?

2. வேலையாட்களுக்கு நேரும் காயமும், விற்ற சரக்கால் வரும் தீங்கும் சாதாரணமாக இதில் அடங்கா. தனியாகக் கேளுங்கள்.

3. விபத்து நடந்தவுடன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதமின்றித் தப்பை ஒப்புக்கொண்டோ, தொகை பேசியோ கையெழுத்திட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது மனிதக் கடமை. அதற்கு யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டாம்.

4. புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள்.

பாலிசி பணத்தைத்தான் திருப்பித் தரும், போன வாடிக்கையாளரைத் தராது. சிந்திய எண்ணெயை உடனே துடைக்க ஒரு பிடி மரத்தூள் போதும். இப்போது எங்கள் மண்டி வாசலில் எப்போதும் ஒரு வாளி மரத்தூள் இருக்கிறது.