புரத நுரைநீக்கி

புரத நுரைநீக்கி அல்லது புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது கடல்நீர் மீன்தொட்டிகளில் கரைந்துள்ள கரிமக் கழிவுகளை நுரையாகப் பிரித்து அகற்றும் கருவி ஆகும். மீன்களின் கழிவும் எஞ்சிய உணவும் சிதைந்து அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என மாறும் முன்னரே அவற்றின் ஒரு பகுதியை இது வெளியேற்றுகிறது. உயிர்ப்பாறைகளையும் நுரைநீக்கியையும் முதன்மையாகக் கொண்ட பவளத்தொட்டி அமைப்பு பெர்லின் முறை எனப்படுகிறது.

செயல்படும் விதம்

புரதம் போன்ற மூலக்கூறுகளின் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விலக்கும். எனவே அவை காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழிகள் சிறியனவாகவும் மிகுதியாகவும் இருந்தால் இப்பரப்பு பெருகும். கடல்நீரில் உள்ள உப்பு, குமிழிகள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுக்கிறது. நன்னீர்த் தொட்டிகளில் இக்கருவி சரிவரச் செயல்படாமைக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

தேர்வு

நுரைநீக்கியின் அளவு மொத்த நீரின் அளவையும் உயிரினங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 120×45×50 செ.மீ. அளவுள்ள தொட்டி 270 லிட்டர் கொள்ளும். கீழ்த்தொட்டியில் 60 லிட்டர் நீர் இருப்பின் மொத்தம் 330 லிட்டர் ஆகும். மீன்கள் மிகுந்த தொட்டிக்குச் சற்றுப் பெரிய கருவி தேவை. எனினும் மிகப் பெரிய கருவியில், கரிமப்பொருள் போதாமல் நுரை நிலைத்து நிற்காது.

குழாய் இணைப்பு

தொட்டியின் மேற்பரப்பு நீரில் கரிமப்பொருள்கள் மிகுதி. ஆகவே அந்நீர் வழிந்து வந்து சேரும் கீழ்த்தொட்டியின் முதல் அறையிலேயே நுரைநீக்கி வைக்கப்படுகிறது. ஆவியாதலால் நீர்மட்டம் மாறும் இறுதி அறை, அதாவது நீரைத் திருப்பி அனுப்பும் பம்பு உள்ள அறை, இதற்குப் பொருந்தாது. நீர்மட்டம் மாறினால் நுரையின் தன்மையும் மாறிவிடும்.

வெளியேறும் குழாயில் கேட் வால்வு பொருத்தினால் நுண்ணிய கட்டுப்பாடு கிடைக்கும். வால்வை மூடுந்தோறும் கருவியினுள் நீர்மட்டம் உயர்ந்து நீர்த்த நுரை வரும். திறந்தால் அடர்ந்த நுரை வரும். பிவிசி குழாய்களில் யூனியன் இணைப்புகள் இருந்தால் கருவியைக் கழற்றித் தூய்மை செய்வது எளிது. செம்பு முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சாகும் என்பதால் பித்தளை இணைப்புகள் தவிர்க்கப்பட வேண்டும்.

மின்தடையும் நீர்வழிவும்

மின்சாரம் நின்றதும் மேல்தொட்டி நீர் கீழே இறங்கும். மேற்கூறிய தொட்டியில் நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ 16 லிட்டர் கீழே வரும். 60×40 செ.மீ. பரப்புள்ள கீழ்த்தொட்டியில் இது சுமார் 7 செ.மீ. உயர்வைத் தரும். நுரைநீக்கியில் உள்ள நீரும் இதனுடன் சேரும். அதற்கேற்ற வெற்றிடம் இல்லையெனில் நீர் தரையில் வழியும்.

கிண்ணம் நிரம்பி உப்புநீர் வெளியேறும்போது, தானியங்கி நீர்நிரப்பி அதற்கு ஈடாக நன்னீரைச் சேர்த்துவிடும். உவர்ப்பு குறைந்து பவளங்கள் இறக்கக்கூடும். கழிவுக் கலன் நிரம்பியதும் நுரைநீக்கியை நிறுத்தும் மிதவை விசை இவ்விபத்தைத் தடுக்கும்.

பராமரிப்பு

புதிய கருவி சீராக நுரைக்கச் சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை ஆகலாம். கழுத்துப்பகுதியில் படியும் எண்ணெய்ப் பசை நுரையைக் குலைப்பதால் அதனை வாரந்தோறும் துடைக்க வேண்டும். பம்பில் படியும் சுண்ணாம்பை நீர்த்த வினிகர் கரைக்கும்.