பன்னிற நூலும் ஒரு சிறு கணக்கும்

பன்னிறக் கம்பளி நூற்பந்தைக் கடையிற் கண்டு மயங்காதார் அரியர். சிவப்பும் செம்மஞ்சளும் ஊதாவும் ஒரே இழையில் மாறிமாறி வருவதால், ஊசியில் ஏற்றிவிட்டாற் போதும், அழகு தானே அமையுமென்று எண்ணிவிடுகிறோம்.

என் மனையாளும் அவ்வாறே எண்ணினாள். கனடாவுக்குப் படிக்கப் புறப்படவிருந்த மகனுக்குக் கழுத்துச் சால்வையொன்று பின்னத் தொடங்கினாள். பயணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. ஒரு முழம் வளர்ந்தபின் விரித்துப் பார்த்தால், சிவப்பெல்லாம் ஓர் ஓரத்தில் திரண்டு, குழம்பு கொட்டிய கறைபோற் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, சாயம் பிழை. கடைக்காரர் ஏமாற்றிப்போட்டார்" என்று கண் கலங்கினாள்.

சாயத்திற் பிழையில்லை. இத்தகைய நூலைச் சிட்டமாகச் சுற்றி, அதன் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு சாயத்தில் தோய்ப்பது வழக்கம். ஆகவே சிட்டத்தின் சுற்றளவு எவ்வளவோ, அவ்வளவு நீளத்துக்கு ஒருமுறை நிறங்கள் திரும்பி வரும். எங்கள் நூலில் அது 54 அங்குலம். பத்துக் கண்ணிகளை அவிழ்த்து அளந்தேன்; 6¾ அங்குலம் வந்தது. அவள் ஏற்றியிருந்தவை 40 கண்ணிகள். ஒரு வரிசைக்கு 27 அங்குலம். போய்வரும் இரு வரிசைக்கு 54! இரண்டு அளவும் ஒத்துவிட்டமையால், சிவப்பு ஒவ்வொரு முறையும் அதே ஓரத்தில் வந்து விழுந்திருக்கிறது. கணித ஆசிரியனுக்கு இதைவிட இன்பம் வேறேது? அவ்வின்பத்தை அவ்வேளையில் வெளிக்காட்டியது என் தவறு.

34 கண்ணியாகக் குறைத்தால் இரு வரிசைக்கு ஏறத்தாழ 46 அங்குலமே செல்லும். நிறங்கள் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே போகும். நேர்க்கண்ணியும் மறுகண்ணியும் மாற்றிமாற்றிப் பின்னினால் அவை புள்ளிகளாகச் சிதறுதலும் உண்டு. இன்னொரு வழி, இரு பந்துகளை வைத்துக்கொண்டு இவ்விரண்டு வரிசையாக மாற்றிப் பின்னுவது. உருகுவே நாட்டில் 1968இல் தோன்றிய மனோஸ் டெல் உருகுவே என்னும் கைவினைப் பெண்களின் கூட்டுறவு அமைப்பு, நூலைக் கலங்களிலிட்டுக் கையாற் சாயமேற்றுகிறது; ஒரு சிட்டம்போல் மற்றொன்று இராது. அத்தகைய நூலுக்கு இம்முறையே மிகவும் ஏற்றது.

ஆனால் பின்னிய ஒரு முழத்தை அவிழ்க்க வேண்டுமே! கணக்கைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். இரவு உணவுக்குப் பின் அவள் அவிழ்க்க, நான் பந்தாகச் சுற்றினேன். புறப்படும் நாட்காலையிலேதான் கடைசிக் கண்ணி முடிந்தது.

ரொறன்ரோவிற் பனியில் நின்று அவன் எடுத்த படம் கைப்பேசியில் வந்தபோது, மகனின் முகத்தைப் பார்த்தபின் அவள் பெருக்கிப் பார்த்தது சிவப்பு நிறத்தைத்தான்.